இரண்டரைச் சிலுவை

குழாய் மறுபடியும் திறக்கிறது. கீச். தண்ணீர் வாளியில் விழுந்தால் ஒரு சத்தம், கையில் விழுந்தால் ஒரு சத்தம். இது கையில் விழுகிற சத்தம், உடைந்து உடைந்து கேட்கிறது. பிறகு டக். மூடியாயிற்று. சரி, வந்துவிடுவாள் என்று எலுமிச்சைச் சோற்றை டப்பாவில் அமுக்கி வைக்கிறேன். கீச். இல்லை, வரவில்லை. என் மகள் ஜெனோவா குளித்து, சேலை கட்டி, தலை பின்னி, சர்டிபிகேட் ஃபைலைக் கூடத்து நாற்காலியில் எடுத்து வைத்து, "கைய மட்டும் கழுவிட்டு வந்துடுறேம்மா" என்று பாத்ரூமுக்குள் போனது ஏழு மணிக்கு. இப்போது ஏழே கால். கை கழுவக் கால்மணி நேரமா? முப்பத்தாறு வயதுப் பெண்ணிடம் போய், உள்ளே என்னடி செய்கிறாய் என்று கேட்க முடியுமா? கேட்கவில்லை. நேற்று சாயங்காலம்தான் வத்தலக்குண்டிலிருந்து வந்தேன், பேத்தியைப் பார்த்துக்கொள்ள. அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, மாப்பிள்ளை மெடிக்கல் ஷாப்பைத் திறந்தாக வேண்டும், ஜெனோவா பத்து மணிக்கு மதுரையில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு வருஷம் தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை வற்றியவளுக்கு அரசாங்க வேலைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. இன்று சர்டிபிகேட் சரிபார்ப்பு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான், அடுத்த பெயர். திண்டுக்கல் ஸ்டாண்டில் ஏழு ஐம்பது பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று நேற்றே மூன்று தடவை சொன்னாள். டக். கீச்.

மூன்று தடவை என்றால் எனக்கு ஒரு நிம்மதி. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அடுப்பை அணைத்தால் திருகை மூன்று தடவை தொடுவேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுப்பேன். இழுக்கும்போது நடுவில் பால்காரர் நினைப்போ ரேஷன் கடை நினைப்போ வந்துவிட்டால் அது சேர்த்தியில்லை, மறுபடி ஒன்றிலிருந்து. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் தெருமுனையில் நின்றுகொண்டு கத்துவார், "சலேத்து, பூட்டு கையோட வந்துரப்போகுதுடி, கதவுல எதாச்சும் மிச்சம் வை" என்று. தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்ததனால் அதுவும் கெட்டுப்போயிற்றே என்று மறுபடி ஒன்றிலிருந்து இழுப்பேன். இதெல்லாம் ஒரு பழக்கம், சிலருக்கு வெற்றிலை, சிலருக்கு மூக்குப்பொடி, எனக்கு இது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில், "செபமாலை சொல்லும்போது பராக்கு வருது ஃபாதர், ஒரே பத்து மணியை நாலு தடவை திருப்பி உருட்டிச் சொல்றேன்" என்று சொன்னேன். புதிதாகக் குருப்பட்டம் வாங்கிய சின்னச் சாமியார். "ஆண்டவர் கணக்கு வாத்தியார் இல்லம்மா, தப்பா எண்ணினா முட்டிபோட வைக்க மாட்டார்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பக்தியைப் பற்றி இந்தப் பையனுக்கு என்ன தெரியும்? வீட்டுக்கு வந்து, கோபப்பட்டதற்காக ஐந்தாவது தடவையும் சொன்னேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஜெனோவாவும் அவள் தம்பி எட்வினும் வாசலைத் தாண்டுமுன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், என் கட்டைவிரலால் ஆளுக்கு மூன்று சிலுவை. நெளிந்தால் முதலிலிருந்து. தும்மினால் முதலிலிருந்து. எட்டாவது வரைக்கும் படித்த எனக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேறு என்ன இருந்தது? இன்றைக்கும் ஜெனோவா படியிறங்குமுன் போடத்தான் போகிறேன், விரல் இப்போதே தயாராக இருக்கிறது. டக். கீச். எத்தனையாவது தடவை இது?

"ஏம்மா ஜெனோ!" மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் கூடத்திலிருந்து கூப்பிடுகிறார், ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் இல்லை. "ஏழம்பது பஸ் உனக்காக மாலை மரியாதையோட நிக்கும்னு நெனச்சியா? டேங்க்குல தண்ணி தீந்துரும்மா!" பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, இந்த வீட்டுல ஒரு சோப்புக்கு ஆயுசு நாலு நாள். கடைக்காரன் எனக்கே கட்டுப்படியாகல" என்று சிரிக்கிறார். நல்ல மனிதர். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பாத்ரூமுக்குள் சத்தம் நின்றுபோயிற்று. தண்ணீர் இல்லை, கீச் இல்லை, வளையல் சத்தம்கூட இல்லை. அந்த நிற்றல். அந்தச் சும்மா இருத்தல். அது எனக்குத் தெரியும். பூட்டை இரண்டாம் தடவை இழுத்துவிட்டு மூன்றாவதுக்குக் கையைக் கொண்டுபோகும்போது யாராவது கூப்பிட்டால் நான் அப்படித்தான் நிற்பேன், மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு, கெட்டுப்போயிற்றே, கெட்டுப்போயிற்றே என்று. அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒன்று. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பெருமூச்சு வந்தது. மெதுவாய்த்தான் வந்தது. ஆனால் என் பெருமூச்சு அது. என் மூக்கு வழியாக வர வேண்டியது இன்னொரு ஆளின் மூக்கு வழியாக வருகிறது. கீச், புதிதாக, முதல் தடவைபோல. கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சேசுவே. இவள் கை கழுவவில்லை. இவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பேத்தி ஆட்லின் தரையில் உட்கார்ந்து இட்லியைச் சர்க்கரையில் புரட்டிக்கொண்டிருக்கிறாள், ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. "அப்பாவக் கத்த வேணாம்னு சொல்லுங்க அம்மாச்சி" என்கிறாள் என்னைப் பார்க்காமலே. "இப்பதான் பதினொண்ணு வந்துச்சு. இனிமே அம்மா ஒண்ணுல இருந்து வரணும்." ஒன்றிலிருந்து என்றால் என்னடி என்று கேட்டேன். "பதினாலு வரணும்ல?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. யார் சொன்னது உனக்கு? "யாரும் சொல்லல. தெனமும் பதினாலுதான். நடுவுல கூப்பிட்டா போச்சு." சொல்லிக்கொண்டே இடதுகையின் விரல் ஒன்றை மடக்குகிறாள். கீச். அடுத்த விரல். இட்லி ஒட்டிய சின்ன விரல்கள், கதவைப் பார்க்காமலே, சத்தத்துக்குச் சத்தம் மடங்குகின்றன. "நீ எதுக்குடி எண்ணுற?" "அம்மா மறந்துட்டா நான் சொல்லணும்ல?" எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பூட்டு, மூன்று இழுப்பு, அதோடு முடிந்தது என்று இருந்தேனே. அது வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறது. பஸ் ஏறி திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறது. இந்தக் குழந்தையின் விரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பதினாலு. ஏன் பதினாலு? என் புத்தி போன போக்கைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. பதினாலு என்றால் சிலுவைப்பாதை, சேசு சிலுவை சுமந்த வழியில் பதினாலு நிலை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சின்ன வயதில் ஜெனோவாவைக் கைபிடித்துக் கூட்டிப்போவேன், ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலில் நிற்பாள், முட்டியில் மண் ஒட்டியிருக்கும். வேலைக்காகப் போகிற நாளிலும் ஆண்டவரின் பாடுகளை நினைத்துக்கொண்டா கை கழுவுகிறாள் என் மகள், என் வளர்ப்பு அப்படி என்று நினைத்தேன். அந்த நினைப்போடு முதல் நிலைக்குப் போனேன், சேசுவுக்குச் சாவுத் தீர்ப்பு, கோயில் சுவரில் படமாக இருக்குமே, சேசு நிற்கிறார், பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், வேலைக்காரன் தண்ணீர் ஊற்றுகிறான். அங்கே மாட்டிக்கொண்டேன். கை கழுவினது சேசு இல்லையே. கை கழுவினது தீர்ப்புச் சொன்ன பிலாத்து. குற்றம் ஒட்டியிருக்கிறது என்று நினைக்கிறவன்தானே கழுவுவான்? டக். கீச். என் மகள் கையில் என்ன குற்றம் ஒட்டியிருக்கிறது? ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காதவள். பதினாலு தடவை கழுவியும் போகாத குற்றம். பதினாலு. பதினாலு. தொப்புள். அப்படியே வந்தது அந்த வார்த்தை, எங்கிருந்தோ, கூப்பிடாமல். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

அப்போது எட்வினுக்கு ஆறு வயது, இவளுக்கு ஒன்பது. காலையில் ரிப்பன் கட்டச் சண்டை, பெல் அடிக்கிற நேரம். வாசலில் இரண்டு பேரையும் நிறுத்தி இவள் நெற்றியில் இரண்டு சிலுவை போட்டுவிட்டேன், உள்ளே பால் பொங்குகிற சத்தம். ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்து, "நில்லுடி, முதல்ல இருந்து" என்றேன். "போம்மா, மிஸ் வெளிய நிக்க வைப்பாங்க" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். மாவு மில் முக்கில் நாய். எட்வினின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு ஊசி வயிற்றில்தான், ஒரு நாளைக்கு ஒன்று, பதினாலு நாள். அவர் வேலைக்குப் போய்விடுவார், இவளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, இவளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். நான் பிள்ளையின் தோளை அமுக்குவேன், இவள் காலை அமுக்குவாள். முதல் நாள் ஊசி போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்ததும் அவன் அலறின அலறலில் எனக்கு மதி கலங்கி, இவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். "நின்னு வாங்கிட்டுப் போயிருந்தா இது நடந்திருக்குமாடி?" ஒரு தடவைதான் சொன்னேன். பெற்றவளுக்கு வாயில் வராத வார்த்தையா? ஒரு தடவைதான். இல்லை. மூன்றாம் நாளும் சொன்னேன், அன்றைக்கு ஊசி வளைந்துவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இவள் காது கேட்கச் சொன்னேன், சிலுவை வாங்காமல் ஓடினாள், அன்றைக்கே பாருங்கள் என்று. பூட்டை எத்தனை தடவை இழுத்தேன் என்று துல்லியமாய் எண்ணத் தெரிந்த எனக்கு இதை எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணத் தெரியவில்லை. அப்புறம் அந்தக் குழாய். மாதாவே, அந்தக் குழாய். "ஆஸ்பத்திரி கை, எதையும் தொடாத, போய்க் கழுவு" என்று நான்தான் அனுப்புவேன். வராந்தாக் கோடியில் ஒரு குழாய். திறப்பாள், மூடுவாள், திறப்பாள், மூடுவாள். "தண்ணிய வச்சு வெளையாடாதடி" என்று முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். விளையாட்டா அது? ஒன்பது வயதுப் பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விளையாடுமா? அந்தக் குழாயும் கீச்சென்றுதான் சத்தம் போடும். அதைத் திறந்துவிட்டால் தம்பி கத்துவது கேட்டிருக்காது.

எட்வின் கோயம்புத்தூரில் இருக்கிறான். வீட்டில் இரண்டு நாய் வளர்க்கிறான், இரண்டும் சோபாவில்தான் படுக்கும். போனில், "அம்மா, ஒங்க பேரப்புள்ளைங்க கொலைக்கிறது கேக்குதா?" என்று அவற்றின் வாயருகில் போனை வைப்பான். கெண்டைக்கால் தழும்பை ஊரெல்லாம் காட்டிச் சிரிப்பான். கடி வாங்கினவனுக்கு ஆறிவிட்டது. இவள் கையை இருபத்தேழு வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகிற வரைக்கும் நான் பக்கத்திலேயே இருந்தேன், ஒரே கூரைக்குக் கீழே. தெரியவில்லை. எப்போதும் கிளம்ப நேரமாக்குவாள், மந்தக்காரி என்று சொல்வோம், மாப்பிள்ளை ஆமை என்பார், அவளும் சிரிப்பாள். போன தடவையும் பட்டியலில் பெயர் வந்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால். பஸ் டயர் வெடித்துவிட்டது, பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று போனில் அழுதாள். டயர் வெடித்தும் மகளுக்கு ஒரு கீறல் இல்லையே என்று நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நன்றி சொன்னேன், முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். டயரே வெடிக்கவில்லை. பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாள். இந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள், யாராவது கூப்பிட்டிருப்பார்கள். யார் கூப்பிட்டது? நான் அன்றைக்கு இங்கே இல்லை. ஆனால் ஏழரைக்குப் போன் அடித்தேனே, "கெளம்பிட்டியாம்மா, செபம் சொல்லிட்டுப் போ" என்று சொல்ல. அது அடித்து அடித்து நின்றதே. ஐயோ.

டக். கீச். ஆட்லின் ஐந்து விரலை மடக்கி முடித்து மறு கைக்குப் போகிறாள். மாப்பிள்ளை இரண்டாவது சாக்ஸையும் போட்டுவிட்டு, மூச்சை இழுத்து, வாயைத் திறக்கிறார். "மாப்பிள்ளை!" அந்த வீட்டில் அதுவரை நான் அப்படிக் கத்தினதில்லை, அதுவும் அடிக்குரலில், கத்தாமல் கத்துகிற கத்தல். "கூப்பிடாதீங்க." அவர் திறந்த வாயோடு திரும்புகிறார். "மணி ஏழு முப்பத்தாறு அத்தை." "நீங்க கூப்பிடக் கூப்பிடத்தான் நேரமாகுது. வண்டிய எடுத்துட்டுப் போய் வாசல்ல நிறுத்துங்க. அவ வர்ற வரைக்கும் ஹாரன் அடிக்கக் கூடாது." "ஹாரன்கூடவா?" "ஹாரன்கூட." அவர் என் முகத்தைப் பார்த்தார், குழந்தையின் விரல்களைப் பார்த்தார், பாத்ரூம் கதவைப் பார்த்தார். பத்து வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன். முகத்தில் சிரிப்பு மெதுவாய் வடிந்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு காலடிச் சத்தம் கேட்காமல் வெளியே போனார். நான் பாத்ரூம் கதவுக்கு வந்து நின்றேன். ஆட்லின் எட்டு விரல் காட்டுகிறாள். கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது, நல்ல மேய்ப்பன் படம். ஜெனோ என்று கூப்பிட நாக்கு துடிக்கிறது. வாடி, வா, அம்மா சொல்கிறேன், உன் மேல் ஒன்றும் இல்லை, வெளியே வா. கூப்பிட்டால் போச்சு. எட்டு வீணாய்ப் போகும். முப்பத்தாறு வயது மகள் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரு பலகை, அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் வாயால்தானே கெடுத்தேன். ஒன்பது. எனக்குச் செபம்கூட வரவில்லை, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தால் மரியேவுக்கு முன்னால் கீச் வந்து நுழைகிறது. பத்து. மேல்வீட்டுக் குக்கர் கூவுமோ, போன் அடிக்குமோ, கீரைக்காரி வருவாளோ. உலகமே வாயை மூடிக்கொண்டால் தேவலாம் என்று இருந்தது. இப்படித்தான் அவள் தினமும் இருக்கிறாளா? பதினொன்று. பன்னிரண்டு. ஆட்லினுக்கு விரல் தீர்ந்துவிட்டது, கால்விரலை மடக்கப் பார்க்கிறாள். பதின்மூன்று. பதினாலு. டக்.

சத்தமில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. எனக்குத் தெரியும் அடுத்தது என்ன என்று. எண்ணி முடித்த பிறகு வருமே அது, முடித்த பிறகுதான் வரும், மூன்றா இரண்டா, சரியாய் இழுத்தேனா, நடுவில் எதையோ நினைத்தேனோ. பதின்மூன்றோ என்று அவள் கை மறுபடி குழாய்க்குப் போகிறது, வளையல் லேசாய் உரசுகிறது. அந்த இடுக்கில் நான் வாயை வைத்தேன். "பதினாலு ஆச்சும்மா. நான் எண்ணினேன்." உள்ளே எதுவுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால் இப்படித்தான் அமைதி இருக்கும், பிடிபட்டவனும் நடுங்குவான், பிடித்தவனும் நடுங்குவான். பிறகு தாழ்ப்பாள். கதவு திறந்தது. என் மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. "எப்ப இருந்தும்மா தெரியும்?" "இப்பதான்." முந்தானையால் கையை மூடப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெள்ளை வெள்ளையாய் உரிந்து, மூட்டுகளில் சிவப்பாய் வெடித்து, ஈரமாய், சில்லென்று. பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாளே போனில். தேங்காய் எண்ணெய் தடவு என்றேனே. நான் பெற்றபோது இந்தக் கை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அம்மா, நேரமாச்சு" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

ஃபைல், தண்ணீர் பாட்டில், சோற்று டப்பா. வாசல். செருப்பைப் போட்டுக்கொண்டு, படியில் இறங்குமுன், அவள் நின்றாள். திரும்பினாள். கண்ணை மூடி நெற்றியைச் சாய்த்தாள், ஒன்பது வயதில் சாய்த்த மாதிரியே. நான் சொல்லவில்லை. என் விரலும் என்னைக் கேட்கவில்லை, அதுவே எழுந்தது. பிதா. நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு. சுதன். நெட்டுக்கோடு, குறுக்குக்கோடு. பரிசுத்த என்று விரல் மேலிருந்து கீழே இறங்குகிறது, பீம் என்று ஹாரன். அவள் வந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை பார்த்துவிட்டார், பாவம், தடை தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். விரல் நின்றுவிட்டது. நெட்டுக்கோடு மட்டும். என் உடம்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது, முதலிலிருந்து. முதுகெலும்பு சொன்னது, நாக்கு சொன்னது, முதலிலிருந்து போடு, சரிபார்ப்புக்குப் போகிற பிள்ளை, மதுரை ரோட்டில் லாரி, கெட்டுப்போன சிலுவையோடு அனுப்பாதே, அன்றைக்கு என்ன ஆயிற்று. மூன்று சிலுவை போட எவ்வளவு நேரம்? பத்து நொடி. ஆனால் அவள் மூடின கண்ணிமை துடிப்பது தெரிகிறது. அவளும் அதையேதான் கேட்கிறாள், முதலிலிருந்து, முதலிலிருந்து. "அம்மா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "முடியலையேம்மா. பாதியில நிக்குது." "நிக்கட்டும்." கண்ணைத் திறந்துவிட்டாள். "முதல்ல இருந்து போடும்மா." "மாட்டேன்." நான்தான் சொன்னேனா? "அம்மா..." "எட்வினைக் கடிச்சது நாய்டி. நீ இல்ல. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு ஒரு பச்சப்புள்ளகிட்ட நான் பொய் சொன்னேன். போ. பஸ்ஸு போயிரும்." அவள் கை நெற்றிக்குப் போயிற்று, அந்த ஒற்றைக் கோடு இருக்கிற இடத்துக்கு, தொடாமல் நின்றது. பிறகு படியிறங்கினாள். வண்டியில் ஏறும்போதும் என்னையே பார்த்தாள், முன்பின் தெரியாத ஒரு பொம்பளையைப் பார்க்கிற மாதிரி. மணி ஏழு நாற்பத்திரண்டு.

தெரு காலியாகிவிட்டது, என் கட்டைவிரல் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. குறுக்கே இழு, குறுக்கே இழு என்கிறது. காற்றிலாவது இழுத்து முடித்துவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆண்டவர் பார்ப்பார். அவர் கணக்கு வாத்தியார் இல்லை என்று அந்தச் சின்னச் சாமியார் சொன்னாரே, அவர் சொன்னது மட்டும் தப்பாக இருந்தால்? இன்று அவளுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். இல்லை. லாரியால். நாய் கடித்தது நாயால், லாரி என்றால் லாரியால். அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் நிற்கமாட்டேன் என்கிறது, புதுச் செருப்பு மாதிரி கடிக்கிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலு விரலையும் மூடி முஷ்டியை இறுக்கிக்கொண்டேன். "அம்மாச்சி" என்றாள் ஆட்லின், சேலையைப் பிடித்து இழுத்து. "ரெண்டரைதான் போட்டீங்க." ஆமாண்டி, ரெண்டரைதான். "பரவால்லையா?" "எனக்குத் தெரியலடி. நீ போய் மிச்ச இட்லியச் சாப்பிடு, எண்ணாம சாப்பிடு" என்றேன். மாப்பிள்ளை கடைக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். "ஏறிட்டா அத்தை. ஜன்னல் சீட்டு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல, வண்டிக் கண்ணாடியில நெத்தியவே பாத்துக்கிட்டு வந்தா." பிறகு மெதுவாக, "நான் கூப்பிட்டதெல்லாம்... அதனாலயா அத்தை?" என்றார். "நீங்க என்ன கண்டீங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செபமாலையை எடுத்தேன், வைத்தேன். ஒரு கையால் உருட்ட முடியவில்லை, மற்ற கை முஷ்டியாக இருக்கிறது. பாத்ரூமில் குழாய் சொட்டுகிறது. போய் இறுக்கவில்லை. எட்டரை. ஒன்பது. கொடைரோடு தாண்டியிருக்கும். வாடிப்பட்டி தாண்டியிருக்கும். ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது, இடதுகையால் எடுத்தேன், எடுப்பதற்குள் நெஞ்சு எத்தனை ஊசி வாங்கியது என்று எண்ணவில்லை. "வந்து சேந்துட்டேம்மா" என்றாள். பின்னால் ஜனச் சத்தம், யாரோ பெயர் வாசிக்கிறார்கள், ஃபைல்கள் உரசுகின்றன. "சரிம்மா" என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. "அம்மா." "சொல்லு." "இங்க வாசப்படிகிட்ட ஒரு குழாய் இருக்கும்மா." எனக்கு மூச்சு உள்ளேயே நின்றது. "ம்." "நாலுல நின்னுக்கிட்டு இருக்கேன். பேரு கூப்பிடப் போறாங்க." நாலு. இன்னும் பத்து பாக்கி. என் கட்டைவிரல் முஷ்டிக்குள் மீன் மாதிரி துள்ளுகிறது. "நிக்கட்டும்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கினது கேட்டது, என் மூச்சுதான், அவள் மூக்கு வழியாக. பிறகு செருப்புச் சத்தம், குழாயை விட்டுத் தள்ளிப் போகிற செருப்புச் சத்தம், அதன்மேல் யாரோ ஒரு ஆம்பளைக் குரல், "ஜெனோவா... ஜெனோவா இருக்காங்களா?" என்றது. "இருக்கேன் சார்" என்றாள் என் மகள். போன் நின்றுபோயிற்று. அதற்கப்புறம்தான் முஷ்டியைத் திறந்தேன். கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது.